நாற்காலி இல்லாத ஹோட்டல்கள்

சேலத்தில் தட்டுவடை செட்டு, நாமக்கல்லில் கலக்கி, பள்ளிபாளையத்தில் சிக்கன்... ஒரு சமவெளியின் சாயங்காலப் பசியும் அதன் பின்னால் ஓடும் கணக்கும்!

மாலை ஐந்தரை. சேலம் கடைவீதியை ஒட்டிய ஓர் அக்ரஹாரத் தெரு. தள்ளுவண்டியின் கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கைக் குழியில் அடங்குகிற அளவில் தட்டுவடைகள் அடுக்கி நிற்கின்றன. கடைக்காரர் இன்னும் பல்பைக்கூடப் போடவில்லை. அதற்குள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றாயிற்று. ஸ்கூல் பை மாட்டிய இரண்டு பிள்ளைகள். வெள்ளிப் பட்டறையிலிருந்து நேரே வந்த ஒருவர். விரல் நுனியெல்லாம் பாலிஷ் கறுப்பு. ஸ்கூட்டரை அணைக்காமலே "அண்ணா, ரெண்டு செட்டு பார்சல்" என்று குரல் கொடுக்கும் ஒரு அக்கா.

தட்டில் தட்டுவடைகள் வரிசையாக விழுகின்றன. பச்சைச் சட்னி ஒரு தீற்று, சிவப்புச் சட்னி ஒரு தீற்று. துருவிய கேரட், பீட்ரூட், பொடியாக அரிந்த வெங்காயம் மேலே ஏறுகின்றன. ஒவ்வொன்றுக்கும் இன்னொரு தட்டுவடை மூடி. பீட்ரூட் சாயம் ஏறிய அந்த விரல்கள் ஒரு முறைகூடக் கீழே குனிந்து பார்க்கவில்லை. "காரம் எப்படிங்க?" என்ற ஒரே கேள்விதான் கடைக்காரர் கேட்பது. "தூக்கலா", "மீடியமா", "கம்மியா" என்று மூன்று பதில்தான் உண்டு.

சாப்பிடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. கடிக்கக் கூடாது. கடித்தால் சட்னி சட்டையில், கேரட் தரையில். முழுசாக வாய்க்குள் தள்ள வேண்டும். வெளியூர்க்காரரை உள்ளூர்க்காரர் கண்டுபிடிப்பது இந்த இடத்தில்தான்.

பில் இல்லை. மெனு கார்டு இல்லை. நாற்காலியும் இல்லை. ஆனாலும் சேலத்தில் 'சாயங்காலம் வெளியே சாப்பிட்டோம்' என்று ஒருவர் சொன்னால், பாதி நேரம் அவர் சொல்வது இப்படியொரு ஹோட்டலைத்தான்.

இன்று தட்டுவடை செட்டு சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் 'சேலம் ஸ்பெஷல்' பலகையோடு விற்கிறது. பள்ளிபாளையம் சிக்கன் இல்லாத மல்டி குசைன் மெனு தமிழ்நாட்டில் அரிது. செல்போன் வீடியோக்காரர்கள் வாரம் ஒரு வண்டியைப் 'புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள்'. பேர் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது. அந்தப் பேரைச் சம்பாதித்துக் கொடுத்த வண்டி எப்படி இருக்கிறது? சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகப் பள்ளிபாளையம் வரை அந்தக் கேள்வியோடுதான் இந்தப் பயணம்.

வேலைக்குப் பிறந்த ருசி

தட்டுவடை என்பது வேறொன்றுமில்லை. மற்ற ஊர்களில் தட்டை என்று சொல்லும் பலகாரம்தான். அரிசி மாவு, பொட்டுக்கடலை, எள், உப்பு, காரம். தீபாவளிக்குத் தூக்குப் பாத்திரத்தில் வைத்து மாசக்கணக்கில் தின்னும் பண்டம். அதைச் சட்னியோடும் பச்சைக் காய்கறியோடும் சேர்த்து, சுடச்சுடக் கேட்காத ஒரு 'டிபன்' ஆக்கியதுதான் சேலத்தின் சாமர்த்தியம். அடுப்பு வேண்டாம், காத்திருக்க வேண்டாம், ஒரு நிமிஷத்தில் தட்டு கைக்கு வந்துவிடும்.

ஏன் இங்கே? ஊரின் வேலையைப் பார்த்தால் விளங்கும். அம்மாபேட்டை, குகை, பொன்னம்மாபேட்டை என்று தறிச் சத்தத்தில் வளர்ந்த பகுதிகள். வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். செவ்வாய்ப்பேட்டையைச் சுற்றி வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள். இவையெல்லாம் உட்கார்ந்தபடியே செய்கிற வேலை. கூலி துண்டுக் கணக்கு. நேரம் போனால் காசு போச்சு. மதியச் சாப்பாட்டுக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் நடுவே எழுந்து வருபவருக்கு வேண்டியது மூன்று: நாக்குக்கு உறைப்பு, பல்லுக்கு மொறுமொறுப்பு, பைக்கு அடக்கம். இட்லிக் கடை அந்த நேரத்தில் கனம். டீக்கடை பஜ்ஜி தினமும் என்றால் எண்ணெய். செட்டு அந்த இடைவெளியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

சேலத்தைத் தாண்டினாலும் இதே கதைதான், தட்டு மட்டும் மாறும். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை நீளும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை சேலத்தையும் நாமக்கல்லையும் தைத்துக்கொண்டு போகிறது. நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டுகிறார்கள். சங்ககிரியில் வீட்டுக்கு வீடு லாரிப் பேச்சு. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போர் போடுகின்றன. காவிரிக் கரையில் பள்ளிபாளையமும் குமாரபாளையமும் விசைத்தறி ஊர்கள். டிரைவருக்கும் வெல்டருக்கும் தறி ஓட்டுபவருக்கும் ராத்திரி ஒன்பது மணிக்கு வேண்டியது புரோட்டாக் கல்லின் சூடு. கல்லில் விழும் முட்டையின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பெட்டிச் செய்தி: சாயங்கால அகராதி

• செட்டு: இரண்டு தட்டுவடைக்கு நடுவே காய்கறியும் சட்னியும். தட்டுவடைக்குப் பதில் முறுக்கு வைத்தால் முறுக்கு செட்டு.

• பூண்டு செட்டு, மாங்காய் செட்டு: காரப் பூண்டுச் சட்னி தூக்கலாக வைத்தால் ஒன்று, சீசனில் மாங்காய் சேர்த்தால் இன்னொன்று.

• நொறுக்கல்: தட்டுவடையோ முறுக்கோ நொறுக்கிப் போட்டு, சட்னியும் காயும் கலந்து தருவது. அவித்த முட்டை சேர்ந்தால் முட்டை நொறுக்கல்.

• கலக்கி: அடித்த முட்டையில் உப்பு, மிளகு, ஒரு கரண்டி சால்னா. கல்லில் ஊற்றி, முழுசாக வேகும் முன் மடித்துத் தட்டில் தள்ளுவது. கொங்குப் பக்கத்துப் புரோட்டாக் கடைகளின் சொத்து.

• கரண்டி ஆம்லெட்: குழிக் கரண்டியில் ஊற்றி நெருப்பில் நேரே காட்டி உப்ப வைப்பது.

• பள்ளிபாளையம்: சின்ன வெங்காயம், விதை நீக்கிய வரமிளகாய், கறிவேப்பிலை, தேங்காய்ச் சில்லு, சிறு துண்டுக் கோழி. மசாலாப் பொடிக்கு இங்கே வேலை குறைவு.

முட்டை விலையும் கலக்கி விலையும்

நாமக்கல் 1997-ல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கியது. அதற்கு வெகு முன்பே முட்டை அதன் முகவரியாகிவிட்டது. மழையை நம்ப முடியாத காட்டு விவசாயிகள் கோழியை நம்பினார்கள். இன்று நாளொன்றுக்குக் கோடிக்கணக்கில் முட்டைகள் இங்கிருந்து லாரி ஏறுகின்றன. கேரளம் பெரிய வாடிக்கை. வளைகுடா நாடுகளுக்குக் கப்பல் உண்டு. நம் சத்துணவுக் கூடங்களும் அந்த வரிசையில் நிற்கின்றன.

விலை எப்படி வருகிறது? 1982-ல் உருவான தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, நாமக்கல் மண்டலத்துக்கென்று பண்ணை விலை அறிவிக்கிறது. அதற்கு முன் வியாபாரி சொன்னதுதான் விலை. அறிவிப்பு வந்த பிறகும் வியாபாரிகள் அதிலிருந்து சில காசுகள் குறைத்து வாங்குவதுண்டு. பண்ணையாளர்கள் அதற்கு வைத்த பேர் 'மைனஸ்'. நாமக்கல்லில் காலை டீயோடு பேசப்படும் சொல் அது.

இந்த விலை ஓரிடத்தில் நிற்காது. புரட்டாசி வந்தால் இறங்கும். கார்த்திகையில் மாலை போடுகிறவர்கள் முட்டையைத் தொடமாட்டார்கள். ஆனால் அதே நேரத்தில் வடக்கே குளிர் ஏறி, கிறிஸ்துமஸ் கேக்குக்கு முட்டை தேடத் தொடங்குவார்கள்; விலை மறுபடி நிமிரும். கோடையில் கோழி தீனி எடுக்காது, முட்டை குறையும். எங்கோ பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் இங்கே லாரி நிற்கும். மக்காச்சோளம், சோயா விலை ஏறினால் தீவனச் செலவு ஏறும்.

இத்தனை ஆட்டத்தையும் கடைசியில் தாங்குவது புரோட்டாக் கடைக் கல். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளைக்குப் பத்து அட்டை, அதாவது 300 முட்டை உடைக்கும் கடை. முட்டைக்கு 50 காசு ஏறினால் நாளைக்கு 150 ரூபாய். மாதத்துக்கு 4,500 ரூபாய். ஒரு கடைப் பையனின் சம்பளத்தில் கணிசமான பங்கு இது. கடைக்காரர் இதைக் கலக்கி விலையில் ஏற்றலாம்தான். ஆனால் கலக்கி 50 காசு, ஒரு ரூபாய் என்று ஏறாது. ஏறினால் ஐந்து ரூபாயாகத்தான் ஏறும். ஐந்து ரூபாய் ஏறினால் இரண்டு கலக்கி சாப்பிடுகிறவர் ஒன்றோடு எழுந்துகொள்வார். அதனால் பெரும்பாலான கடைகள் பல்லைக் கடித்துக்கொண்டு பழைய விலையிலேயே ஓட்டுகின்றன. முடியாத நாளில் ஒரே தாவாக ஏற்றுகின்றன. புரட்டாசியில் முட்டை விலை விழும்போது கலக்கி விலை ஏன் விழுவதில்லை என்று கேட்பவருக்கு இதுதான் பதில்: போன மாசத்து நஷ்டம் இந்த மாசம் ஆறிக்கொண்டிருக்கிறது.

பெட்டிச் செய்தி: பள்ளித் தட்டில் முட்டை

• 1982: எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் தொடக்கம்.

• 1989: இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை.

• 1998: வாரம் ஒன்று.

• 2006: வாரம் இரண்டு. அடுத்த ஆண்டே மூன்று.

• 2010: வாரத்தில் ஐந்து பள்ளி நாட்களும் முட்டை.

தட்டுவடையின் தாய்வீடு

செட்டுக் கடைக்காரர் தட்டுவடை சுடுவது அபூர்வம். அது வருவது வீடுகளிலிருந்து. சந்துக்குள் இருக்கும் வீட்டின் பின்கட்டில் இரும்புச் சட்டி. பக்கத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மாவை உருட்டி, தட்டி, துணியிலோ காகிதத்திலோ பரப்புகிறார்கள். கனம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். தடித்தால் நடுவில் வேகாது. மெலிந்தால் சட்னி பட்டதும் நமுத்துவிடும். செட்டின் தலைவிதியை நிர்ணயிப்பது அந்தக் கட்டைவிரல் அழுத்தம்தான். வீடியோக்களில் சட்னி தடவும் கை வரும். தட்டுகிற கை வராது.

இந்த வீட்டு அடுப்புகளை நேராகத் தாக்குவது எண்ணெய். 2024 செப்டம்பரில் மத்திய அரசு கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களின் அடிப்படை இறக்குமதி வரியைப் பூஜ்யத்திலிருந்து 20 சதவீதமாக்கியது. 2025 மே இறுதியில் அதை 10 சதவீதமாகக் குறைத்தது. டெல்லியில் கையெழுத்தான இரண்டு உத்தரவுகளுக்கும் நடுவே ஒரு தீபாவளியும் ஒரு பொங்கலும் வந்துபோயின. எண்ணெய்ச் சட்டியை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு அவைதான் சம்பாதிக்கிற சீசன்.

விலை ஏறியபோது வீட்டுக்காரர்கள் செய்தது மூன்றில் ஒன்று. வட்டத்தைச் சின்னதாக்கினார்கள், அல்லது பாக்கெட்டில் எண்ணிக்கையைக் குறைத்தார்கள், அல்லது ஒரே எண்ணெயை இன்னொரு நாள் ஓட்டினார்கள். முதல் இரண்டும் நம் பைக்கு நஷ்டம். மூன்றாவது உடம்புக்கு. வரி ஏறியதற்கான விலையைத் தட்டின் ஓரத்தில் நின்றபடி நாம்தான் கொடுத்தோம்.

பேர் போன ஊர், பேர் மட்டும் போன ஊர்

சேலத்திலிருந்து ஈரோடு போகிற வழியில் காவிரிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் பள்ளிபாளையம். அந்தப் பக்கம் ஈரோடு. தறிப்பட்டறைத் தெருக்களில் நடந்தால் காது அடைக்கும். இந்த ஊரின் பேரில்தான் இன்று துபாய் வரை ஒரு சிக்கன் விற்கிறது.

அதன் அழகே ஏழ்மைதான். இஞ்சி பூண்டு விழுதும் மல்லித்தூளும் கரம் மசாலாவும் வாங்கிச் சேர்க்க வழியில்லாத சமையல் என்று அதைப் பார்த்தவுடனே தெரியும். வரமிளகாயின் விதையைத் தட்டி எறிந்துவிட்டு, நிறத்துக்கும் மணத்துக்கும் தோலை மட்டும் வைத்துக்கொள்வார்கள். சின்ன வெங்காயம் இனிப்பைத் தரும். தேங்காய்ச் சில்லு வாயில் அகப்படும்போது காரம் அடங்கும். கோழி தன் தண்ணீரிலேயே வேகும். இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

பெரிய நகர மெனுக்களில் இதே பேரில் வருவதைச் சாப்பிட்டுப் பாருங்கள். சோள மாவு, சோயா சாஸ், சிவப்புக் கலர், சில இடங்களில் குடைமிளகாய்கூட. பேர் ஏறிய இடத்தில் ஊர் இறங்கிவிட்டது.

இதற்குப் புவிசார் குறியீடு மருந்தாகுமா? பழனி பஞ்சாமிர்தமும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் 2019-ல் வாங்கின. கோவில்பட்டி கடலைமிட்டாய் 2020-ல். மணப்பாறை முறுக்கும் ஊட்டி வர்க்கியும் 2023-ல். அவையெல்லாம் டப்பாவில் அடைத்து, முத்திரை ஒட்டி, லாரியில் ஏற்றக்கூடிய பண்டங்கள். சிக்கனும் செட்டும் தட்டில் பிறந்து தட்டிலேயே முடிகிறவை. ஐந்து நிமிஷம் தள்ளிப்போட்டால் தட்டுவடை நமுத்துவிடும்; பார்சல் கட்டுகிற கடைக்காரர் சட்னியைத் தனிப் பொட்டலமாகத் தருவது அதனால்தான். தட்டுவடைக்கு முத்திரை வாங்கலாம். சட்னி தடவுகிற கைக்கு வாங்க முடியாது. அந்தக் கையைக் காப்பாற்ற வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

ஹவானாவில் பன்னிரண்டு நாற்காலி

இந்த இடத்தில் கொஞ்சம் தூரம் போய்வரலாம். கியூபாவுக்கு.

ஹவானாவின் தெருவோரங்களில் ஒருகாலத்தில் 'ஃப்ரிதா' என்னும் கறி வடை வைத்த பன் விற்கும் வண்டிகள் நிறைய இருந்தன. புரட்சி அரசு 1968-ல் சின்னத் தனியார் கடைகள் அனைத்தையும் அரசுடைமை ஆக்கியது. தள்ளுவண்டியும் தப்பவில்லை. அதன் பிறகு வெளியே சாப்பிடுவது என்றால் அரசு உணவகம். வீட்டுச் சாப்பாட்டுக்கு 1962 முதல் ரேஷன் புத்தகம். நாமக்கல்லில் அட்டை அட்டையாக அடுக்குகிற முட்டையை அங்கே தலைக்கு இத்தனை என்று எண்ணிக் கொடுத்தார்கள்.

சோவியத் யூனியன் 1991-ல் உடைந்தது. கியூபாவின் கடை காலியானது. ஜனங்கள் வீட்டு முன்னறையில் மேஜை போட்டுத் திருட்டுத்தனமாகச் சாப்பாடு விற்கத் தொடங்கினார்கள். வேறு வழியில்லாமல் 1990-களின் நடுவில் அரசு அதை ஒப்புக்கொண்டது. கூடவே ஒரு விதியும் போட்டது. பன்னிரண்டு நாற்காலிக்கு மேல் கூடாது! மாட்டிறைச்சியும் லாப்ஸ்டரும் கூடாது! அந்த வீட்டுக் கடைகளுக்கு மக்கள் வைத்த பேர் 'பலதார்'. அப்போது அங்கே ஓடிய பிரேசில் டி.வி. சீரியலில், ஏழைக் கதாநாயகி நடத்திய சாப்பாட்டுக் கடையின் பேர் அது. 2011 வாக்கில் நாற்காலி வரம்பு ஐம்பதானது. 2016 மார்ச்சில் ஹவானா போன அமெரிக்க அதிபர் ஒபாமா குடும்பத்தோடு சாப்பிட்டது 'சான் கிறிஸ்தோபல்' என்ற ஒரு பலதாரில்தான்.

நமக்கு இந்தக் கதை எதற்கு? நம்மூர் மெஸ்ஸும் பலதாரும் அண்ணன் தம்பிகள். வீட்டு முன்கட்டு, வீட்டுப் பெண்களின் கை, தெரிந்த முகங்கள், இருக்கிற பொருளில் ஒரு சமையல். ஒரு பெரிய அரசாங்கமே சட்டம் போட்டு ஒழித்தும் கால் நூற்றாண்டில் அது முன்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டது. அதே நேரம், நாற்காலியை எண்ணும் விதி கடையை வளரவிடாமல் எப்படி இறுக்கும் என்பதற்கும் அதுவே சாட்சி.

இன்னொரு சொந்தமும் உண்டு. சாதாரணக் கியூப உணவகத்தில் உட்கார்ந்தால் கறுப்பு பீன்ஸ் கலந்த சோறு, நார் நாராகப் பிய்த்த மாட்டிறைச்சிக் குழம்பு, தட்டிப் பொரித்த வாழைக்காய் இவற்றோடு கட்டாயம் வரும் ஒரு தட்டு: அவித்த கிழங்கின் மேல் பூண்டும் புளிப்பு ஆரஞ்சுச் சாறும் சூடான எண்ணெயும் ஊற்றியது. அந்தக் கிழங்கு வேறெதுவும் இல்லை. ராசிபுரத்திலும் ஆத்தூரிலும் ஏக்கர் ஏக்கராக நிற்கும் நம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி!

பெட்டிச் செய்தி: கிழங்கு வந்த வழி

• மரவள்ளியின் தாய்நிலம் தென் அமெரிக்கா. கரீபியத் தீவுகளில் ஐரோப்பியர் வரும் முன்பே அதில் ரொட்டி சுட்டார்கள். அந்த ரொட்டி செய்யும் மரபை கியூபா உட்பட ஐந்து நாடுகளின் பேரில் 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

• இரண்டாம் உலகப் போரில் ஜவ்வரிசி இறக்குமதி நின்றது. 1943-ல் சேலம் வியாபாரி மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவோடு சேர்ந்து மரவள்ளி மாவில் ஜவ்வரிசி தயாரித்தார்.

• 1944-ல் பஞ்சம். கிழங்கை அப்படியே சாப்பிடலாமே என்று, ஜவ்வரிசிக்குக் கிழங்கைப் பயன்படுத்தச் சேலம் கலெக்டர் தடை போட்டார். உற்பத்தியாளர்கள் வைஸ்ராய் வேவல் வரை முறையிட்டுத் தடையை நீக்க வைத்தார்கள்.

• 1981-ல் 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கம் தொடக்கம். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு.

சேலத்து ஜவ்வரிசியில் பெரும்பங்கு மகாராஷ்டிரத்துக்கும் வடக்கேயும் போய் விரத நாளின் கிச்சடியாகிறது. விளைகிற ஊரில் அதற்குக் கிடைத்த இடம் பாயசமும் வடகமும்; கிழங்குக்குக் கிடைத்தது பஸ் ஸ்டாண்டு வாசலில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய ஒரு பொட்டலம். சட்னியில் இவ்வளவு கற்பனை காட்டிய ஊர், தன் கிழங்கை இன்னும் தட்டுக்கு ஏற்றவில்லை. கடைக்காரர்களே, யோசியுங்கள்!

ஒரு மரணமும் ஒரு தடையும்

ருசியைப் பேசிவிட்டு நாமக்கல்லில் நடந்ததைப் பேசாமல் போக முடியாது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஓர் உணவகத்தில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி உயிரிழந்தாள். அதே கடையில் சாப்பிட்ட பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அது நாற்காலி இல்லாத கடை அல்ல. மேஜை போட்டு, விளக்கு வைத்த உணவகம்.

2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்குத் தமிழக அரசு தடை விதித்தது. வேகாத முட்டையில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் பெருகும் என்பதே காரணம்.

முட்டை ஊரில் இது சங்கடமான கேள்வியை எழுப்புகிறது. கலக்கியும் ஆஃபாயிலும் அரைவேக்காடுதானே? உண்மைதான். குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் முழுதாக வெந்த முட்டை சாப்பிடுவதே நல்லது. இதில் ஊர்ப்பெருமைக்கு இடமில்லை. ஆனால் ஒரு வித்தியாசத்தையும் பார்க்க வேண்டும். கலக்கி உங்கள் கண்முன் உடைந்து, சூட்டில் விழுந்து, அடுத்த நிமிஷம் வாய்க்குப் போகிறது. மயோனைஸ் காலையில் கலந்து, சாயங்காலம் வரை வெளியே உட்கார்ந்திருக்கும். கிருமி வளரத் தேவையானது நேரம்; அந்த நேரத்தை யார் அதிகமாகக் கொடுக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

இதே அளவுகோலைத் தட்டுவடை வண்டிக்கும் வைக்கலாம். அங்கே முட்டை அல்ல, தண்ணீர்தான் கவலை. பச்சைச் சட்னி கொதிக்காது. காய்கறி வேகாது. கொத்தமல்லியைக் கழுவிய தண்ணீர், சட்னி அரைத்த தண்ணீர், தட்டு முக்கி எடுக்கும் வாளித் தண்ணீர்: மூன்றும் சுத்தமென்றால் செட்டு சுத்தம். வண்டிக்காரர் நினைத்தால் மட்டும் இது நடக்காது. அவர் நிற்கும் இடத்தில் குழாய் இருக்க வேண்டும்.

இடம் கொடுத்தால் தண்ணீர் வரும்

தெரு வியாபாரிகளுக்கென்று நாட்டில் ஒரு சட்டம் 2014-லேயே வந்துவிட்டது. நகர விற்பனைக் குழு அமைக்க வேண்டும். அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது கணக்கெடுப்பு. கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. 2020-ல் வந்த பி.எம். ஸ்வநிதி திட்டம் பிணையில்லாமல் முதல் கடனாக 10,000 ரூபாய் தரத் தொடங்கியது. 2025-ல் அது 15,000 ரூபாயாக உயர்ந்தது.

காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. தெருவில் இருப்பது வேறு. சாலை அகலப்படுத்தினால் முதலில் நகர்வது வண்டி. திருவிழா, தலைவர் வருகை என்றால் முதலில் மறைவதும் வண்டி. நாளைக்கு இதே இடத்தில் நிற்போமா என்று தெரியாதவர், குழாய்க்கும் வடிகாலுக்கும் எவர்சில்வர் மேடைக்கும் எப்படிக் காசு போடுவார்? சுத்தம் என்பது பழக்கத்தில் பாதி, நிலையான இடத்தில் பாதி. ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் இருந்த ஊர் சேலம். பழைய பஸ் ஸ்டாண்டை இடித்து அடுக்குமாடியாகக் கட்டியிருக்கிறார்கள். அவ்வளவு காங்கிரீட் போட முடிந்த ஊரில், பத்து வண்டிக்கு ஒரு குழாயும் ஒரு குப்பைத் தொட்டியும் ஒரு விளக்கும் பெரிய காரியமில்லை.

தட்டுவடை தட்டும் வீடுகளுக்கும் ஒரு வேலை பாக்கி. வீட்டில் பலகாரம் செய்து விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தாக வேண்டும். அந்தக் காகிதம் கையில் இருந்தால் கடன் கேட்கலாம், பாக்கெட்டில் பேர் போடலாம், வெளியூர்க் கடைக்கு நேரே விற்கலாம். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இந்த மாவட்டங்களில் ஊருக்கு ஊர் இருக்கின்றன. சேலம் தட்டுவடை என்று சென்னையில் விற்கிற ஒவ்வொரு பாக்கெட்டும் சேலத்து வீடொன்றிலிருந்து போனால், அதைவிடப் பெரிய புவிசார் குறியீடு எது?

நமக்கும் மூன்று வேலை உண்டு. வண்டி முன் நிற்கும்போது தட்டைப் பார்ப்பதோடு வாளியையும் பாருங்கள். தண்ணீர் கலங்கியிருந்தால் "தண்ணி மாத்துங்கண்ணா" என்று சத்தமாகவே சொல்லுங்கள். சொன்னால் மாற்றுவார், நாலு பேர் சொன்னால் வழக்கமாகிவிடும். அச்சடித்த செய்தித்தாளில் எண்ணெய்ப் பலகாரத்தை மடித்துக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லி இலை கேளுங்கள். ஐந்து ரூபாய் ஏற்றினால் முகம் சுளிக்காதீர்கள். அந்த ஐந்து ரூபாய்க்கு நல்ல எண்ணெய் கேளுங்கள்.

ராத்திரி ஒன்பதரைக்கு அக்ரஹாரத் தெரு வண்டியில் தட்டுவடை தீர்ந்துவிடும். சட்னிப் பாத்திரத்தை வழித்து, துருவலை மூடி, கண்ணாடியைத் துடைத்து, வண்டியை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். மறுநாள் அதே இடத்துக்கு வர அவர்களிடம் ஒரு துண்டுச் சீட்டு இருக்க வேண்டும். அதைக் கொடுக்க வேண்டியது மாநகராட்சியும் நகராட்சிகளும். சட்டம் வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது!